இதுல யாரு மூத்தவ?

மந்தைவெளியிலிருந்து அத்தை வந்திருந்த ஒரு மத்தியானம். சாப்பிட்டு முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏண்டி, இதுல யாரு மூத்தவ?” என்று கேட்டார். சுவரில் இருந்தது ஒரு லினோகட். மூன்று பெண்கள். இருவர் நிற்கிறார்கள், ஒருத்தி ஒரு காலை மடித்து மறுகாலைக் குத்திட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே பென்சிலில் 7/20 என்று ஓர் எண், ‘பெண்கள்’ என்று ஒரு தலைப்பு, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாத ஒரு கையெழுத்து. பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவர் கண்காட்சியில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதைக் கோடுகளாக, கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிற இடமாக மட்டுமே பார்த்துப் பழகியிருந்தேன். அந்த மூவருக்கும் வயது இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. “தெரியலையே அத்தை” என்றேன். “உக்காந்திருக்கிறவதான் பெரியவளா இருக்கணும். சின்னவ உக்காந்திருக்க, பெரியவ நிப்பாளா?” என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அத்தை காலமாகி நான்கு வருடமாகிறது. உட்கார்ந்திருப்பவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கலாம், நாளெல்லாம் நின்று கால் கடுத்தவளாக இருக்கலாம் என்றெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். அதைவிட, அந்தக் கேள்வியை நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்பதுதான் இப்போதும் அந்தப் படத்தைக் கடக்கும்போது உறுத்துகிறது.

லினோலியத்தில் வெட்டி அச்செடுப்பது லினோகட். லினோலியம் என்பது தரைவிரிப்பு. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் என்பவர், திறந்து கிடந்த பெயிண்ட் டப்பாவின் மேல் பாலேடு மாதிரி படிந்திருந்த ரப்பர் போன்ற தோலைக் கவனித்ததிலிருந்து 1860களில் பிறந்த பொருள். ஆளி விதை எண்ணெயைக் காற்றுப்பட இறுகவைத்து, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின்மேல் அப்பித் தகடாக்குவார்கள். ஆளி விதையும் சணலும் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போன சரக்குகள். அச்சு மையும் ஆளி எண்ணெயில் குழைத்ததுதான் என்பதால் பட்டறையில் பலகைக்கும் மைக்கும் ஏறக்குறைய ஒரே வாசனை. நாள் கழித்து விரல் நகத்தை மோந்து பார்த்தாலும் இருக்கும். இரண்டு நாள் ஒரு பட்டறையில் உட்கார்ந்து நானும் வெட்டிப் பார்த்திருக்கிறேன். சென்னை வெயிலில் மொட்டைமாடியில் பத்து நிமிடம் வைத்தால் லினோ இளகிவிடுகிறது. ‘வி’ வடிவ உளியைச் சாய்த்துத் தள்ளினால் சுருள் சுருளாக எழும்பி மடியில் விழுகிறது. மரத்துக்கு இருக்கிற நார் இதற்கு இல்லை. எந்தத் திசையில் தள்ளினாலும் எதிர்ப்பில்லாமல் போகும். எதிர்ப்பில்லாததுதான் ஆபத்து. கை சற்று வேகமாகப் போனால் ஒரு கன்னம் போய்விடும், போனது போனதுதான். பிறகு ரோலரை மையில் உருட்டி, அது சர் சர் என்று ஒட்டி விடுபடும் சத்தம் சீராகும்வரை காத்திருந்து, பலகையில் ஏற்றி, காகிதத்தைப் பரப்பி, மரக்கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். உளி தொட்ட இடம் வெள்ளை, தொடாத இடம் கறுப்பு. ஒரு முகம் வெளிச்சமாகத் தெரிகிறதென்றால் அங்கே இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இருட்டாகத் தெரிகிற முகம்தான் முழுசாக விடப்பட்ட முகம்.

என் சுவரில் நிற்கும் இருவரின் முகங்களும் கறுப்பு. கண், மூக்கு, உதடு மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். உட்கார்ந்திருப்பவளின் முகம் முழுக்க வெட்டி எடுக்கப்பட்டு வெறும் காகிதமாக இருக்கிறது. ஓரக் கோடு ஒன்றுதான் அதை முகமென்று சொல்கிறது. நம் ஊரில் பெண்ணைப் பற்றி முதலில் கேட்கப்படுகிற சங்கதிக்கு ஒரு சொல் உண்டு: மாநிறம். கறுப்பு என்று சொல்ல மனம் வராதபோதும், சிவப்பு என்று சொல்லத் துணிவு வராதபோதும் கல்யாணத் தரகர் முதல் பெற்ற தாய்வரை எல்லோரும் ஒதுங்குகிற நிழல் அது. லினோகட்டில் மாநிறம் கிடையாது. ஒரே கறுப்பு மையில் அச்சிடும்போது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எதுவும் வேண்டுமானால் கோடு கோடாக, நெருக்கி நெருக்கி, கை வலிக்க வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் நிறம் இருக்காது, காயங்கள்தான் இருக்கும். அந்த மாணவர் ஏன் ஒருத்தியை மட்டும் வெளுக்க வெட்டினார் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைச் சமநிலைக்காக இருக்கலாம். படத்தின் கீழ்ப்பாகம் கனத்துவிடக் கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருக்கலாம். அந்தக் காரணம் எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

அத்தை கவனித்த இன்னொன்றும் இருக்கிறது. அச்சில் எல்லாம் கண்ணாடியில்போல இடம் வலம் மாறிவிடும். எழுத்தைத் தலைகீழாக அல்ல, புறம்மாற்றி வெட்ட வேண்டும் என்பது முதல் நாள் பாடம். எழுத்துக்கு அதை நினைவில் வைத்துக்கொள்கிறவர்கள் சேலைக்கு மறந்துவிடுவார்கள். இடது தோளில் முந்தானை போட்டு வரைந்து, அப்படியே வெட்டி, அச்செடுத்தால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். என் படத்தில் மூவருக்கும் முந்தானை வலது தோளில்தான். “குஜராத்திக்காரங்களா?” என்றார் அத்தை முதலில். பிறகு, “இல்ல, பின்னால போகுது. மடிசார் கட்டின ஐயர் வீட்டு மாமிங்க” என்று திருத்திக்கொண்டார். மயிலாப்பூரில் வளர்ந்த கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. மடிசாரில் ஐயர் வீட்டுப் பெண்களுக்கு முந்தானை வலது தோளில், ஐயங்கார் வீட்டுப் பெண்களுக்கு இடது தோளில். மாட வீதியில் எதிரே வருகிறவரை, முகத்தைப் பார்க்கும் முன்பே தோளைப் பார்த்து இன்னார் என்று தீர்மானித்து, அதற்கேற்ற சிரிப்பைத் தயார் செய்துகொள்கிற பழக்கம் எங்கள் தெருக்களுக்கு உண்டு. படத்தில் இருப்பது மடிசாரே இல்லை. கொசுவம் முன்னால் இருக்கிறது. ஓர் இளைஞரோ இளைஞியோ கண்ணாடி விதியை மறந்ததில் மூன்று பெண்களுக்குச் சாதி வந்து சேர்ந்துவிட்டது. வந்ததை அத்தை படித்தார். நானும் அவர் சொன்ன பிறகு படித்தேன். இன்றுவரை அதைப் படிக்காமல் அந்தத் தோள்களைப் பார்க்க முடியவில்லை.

பெயரை, வயதை, நிறத்தை, ஊரை, சாதியை எல்லாம் கழித்துவிட்டு ஓர் உருவத்தை மட்டும் நிறுத்துவது நவீன ஓவியத்தின் பெரிய துணிச்சல் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையை முழுதாக விட்டுவிடவும் மனமில்லை. ஆனால் கழிப்பது யாரிடமிருந்து என்று கேட்டுப் பார்த்தால் கொஞ்சம் தடுக்குகிறது. இந்திய லினோகட்களில் எல்லோரும் அறிந்தது நந்தலால் போஸ் 1930இல் வெட்டிய காந்தி. உப்பு யாத்திரையின் நடை, கறுப்புப் பரப்பில் சில வெள்ளைக் கோடுகள், கையில் தடி. அதற்கு ‘ஒரு முதியவர்’ என்று பெயரில்லை, ‘பாபுஜி’ என்று பெயர். பெண்கள் வரும்போது தலைப்புகள் எண்ணிக்கையாகிவிடுகின்றன. மூன்று பெண்கள், இரு சகோதரிகள், தாயும் சேயும், குடத்துடன் பெண். அம்ரிதா ஷேர்-கில் 1935இல் தீட்டிய எண்ணெய் ஓவியமும் ‘மூன்று பெண்கள்’தான், ஆனால் அங்கே தாழ்ந்திருக்கும் மூன்று ஜோடிக் கண்களும் மூன்று விதமாகத் தாழ்ந்திருக்கின்றன, யாரோ தங்களைப் பற்றி அடுத்த அறையில் முடிவெடுத்துக்கொண்டிருப்பதைக் கேட்பவர்கள்போல. அடையாறு கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கே. ஸ்ரீனிவாசுலுவின் பெண்கள் வேறு மாதிரி. தோல்பாவையிலிருந்தும் லேபாக்ஷிக் கோயில் சுவரிலிருந்தும் இறங்கிவந்த நீளக் கண்கள், கனத்த கொண்டை, பூ. அவர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், எனக்கு இப்போதும் இருக்கிறது. அவர்களிடம் ‘நீ யார் வீட்டுப் பெண்’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள் என்றும் தோன்றுகிறது. கோட்டுக்கு முதலிடம் தந்த நகரம் இது. சென்னை ஓவியர்கள் கோட்டை நேசித்த அளவு வேறெதையும் நேசிக்கவில்லை என்று சொல்லலாம். அந்தக் கோடு ஒரு பெண்ணைச் சுற்றி வரும்போது அவளைத் தாங்குகிறதா, அடைக்கிறதா என்பது ஒவ்வொரு முறையும் படத்துக்கு எதிரே நின்றுதான் தெரியும். பொதுவாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஓவியர் சித்தபிரசாத்தை நான் முதலில் பார்த்தது ஒரு புத்தகத்தின் மங்கிய அச்சில். 1915இல் நைஹாட்டியில் பிறந்தவர், பட்டாச்சார்யா என்ற சாதிப் பெயரை விட்டொழித்துவிட்டு வெறும் சித்தபிரசாத்தாகக் கையெழுத்திட்டவர். 1943 வங்கப் பஞ்சத்தில் மேதினிபூரில் நடந்து நடந்து வரைந்து, வரைந்தவற்றின் பக்கத்தில் அந்த மனிதர்கள் யார், எந்த ஊர், எப்படி விழுந்தார்கள் என்று எழுதி ‘பசித்த வங்காளம்’ என்று வெளியிட்டார். வெள்ளை அரசு 5000 பிரதிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கைப்பற்றி எரித்தது. பிறகு பம்பாய்க்குப் போய், அந்தேரியில் வறுமையோடு இருந்துகொண்டு லினோவை வெட்டினார். தாய்மார்கள், காதலர்கள், வேலைக்குப் போகும் சிறுமிகள். இங்கே எனக்கு ஒரு கலக்கம். பஞ்ச காலத்துப் பேனாச் சித்திரங்களில் ஆட்களுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. லினோவுக்கு வந்ததும் பெயர்கள் உதிர்ந்துபோயின. தாய் ‘தாய்’ ஆனாள். அவர் கை தேறியிருக்கிறது, கறுப்பு உருண்டு திரண்டு நாட்டுப்புறப் பொம்மையின் உடல்போல நிற்கிறது, குழந்தையை அணைத்த கை ஒரே வளைவில் வருகிறது. அழகு. அந்த அழகைப் பெறக் கொடுத்த விலை என்ன என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டா? பிணங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு ஊர் ஊராக நடந்த ஒரு மனிதர், இனி யாரும் பெயர் கேட்காமலே நேசிக்கக்கூடிய ஒரு தாயைச் செய்துவிட வேண்டும் என்று விரும்பியிருந்தால், அதைத் தவறென்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் எலிசபெத் கேட்லெட். அவரும் 1915இல் பிறந்தவர்தான். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தி. மெக்சிகோவில் மக்கள் வரைகலைப் பட்டறையில் உட்கார்ந்து 1946, 47இல் கறுப்பினப் பெண்களைப் பற்றிப் பதினைந்து லினோகட்கள் வெட்டினார். அவற்றின் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு பெண் ‘நான்’ என்று தொடங்கித் தன் கதையைச் சொல்லிக்கொண்டே போவதாக இருக்கும். வீடு துடைப்பவளும் வயலில் நிற்பவளும் பெயரில்லாமல் வருகிறார்கள், ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், ஃபிலிஸ் வீட்லி என்ற வரலாற்றுப் பெண்கள் பெயரோடு வருகிறார்கள், எல்லோருக்கும் அந்த ‘நான்’ ஒன்றுதான். 1952இல் அவர் வெட்டிய ‘குத்தகை விவசாயி’யைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அகன்ற வைக்கோல் தொப்பி, நரைத்த முடி, சற்றே நிமிர்ந்த தாடை, கீழேயிருந்து நாம் அண்ணாந்து பார்க்கும்படி. முகம் முழுவதும் நெருக்கமான கீறல்கள். மேலே சொன்னேனே, லினோவில் மாநிறத்தைக் கை வலிக்க வெட்டித்தான் கொண்டுவர முடியும் என்று. அந்தப் பாடுபட்ட முகம் அது. வெயிலில் வெந்த தோலின் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஓர் உளித்தள்ளல். கழுத்தடியில் அவள் சட்டையைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் ஊக்கு. சேஃப்டி பின். அதைக் கண்டதும் எனக்கு அத்தையின் தாலிச் சங்கிலியில் எப்போதும் கொத்தாகத் தொங்கிய ஊக்குகள் நினைவுக்கு வந்தன. அவசரத்துக்கு யார் கேட்டாலும் அதிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுப்பார். என் படத்தில் எங்காவது ஓர் ஊக்கு இருக்கிறதா என்று அன்று இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினேன். இல்லை. வளையல்கூட இல்லை, மூக்குத்தி இல்லை, ரவிக்கையின் கை எங்கே முடிகிறது என்ற கோடும் இல்லை. படம் வாங்கிய காலத்தில் இதையெல்லாம்தான் நான் செறிவு என்று பாராட்டியிருப்பேன்.

தி.நகருக்குப் போகிறபோதெல்லாம் இந்த எண்ணம் துரத்துகிறது. பாண்டி பஜாரில் 2019க்குப் பிறகு அகலமாக்கிய நடைபாதையில் நின்று கடைக் கண்ணாடிக்குள் பார்த்தால், முன்பிருந்த ரோஸ் பவுடர் நிறப் பொம்மைகளின் இடத்தில் இப்போது பல கடைகளில் முகமே இல்லாத பொம்மைகள் நிற்கின்றன. வழவழவென்று முட்டை மாதிரி ஒரு தலை, அல்லது கழுத்தோடு முடிந்துவிட்ட உடல். சுடிதாரும் சேலையும் அவற்றின்மேல் சரியாக விழுகின்றன. வாங்க வருகிற பெண் தன் முகத்தை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளத் தோதாக இருக்கும் என்பது கடைக்காரர்களின் கணக்காக இருக்கலாம். ஓவியர்கள் ஒரு நூற்றாண்டு பாடுபட்டுக் கண்டடைந்த முகமில்லாத பெண், விலைச்சீட்டோடு அங்கே நிற்பதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதற்காக ஓவியர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு வெறுமைகளுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாமல் பேருந்து நிறுத்தம்வரை நடந்திருக்கிறேன். மாநிறம் அங்கேயும் இல்லை. மேலே நகைக்கடை விளம்பரங்களில் இருக்கும் மணப்பெண்கள் எல்லோரும், வெட்டி எடுத்த லினோவைப்போல வெளிச்சம்.

மூன்று பெண்கள் என்றதும் நினைவுக்கு வருகிற இன்னொரு காட்சி, பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழா. நீர்மோர்ப் பந்தல்களைத் தாண்டி, பனையோலை விசிறிகளையும் பலூன்களையும் தாண்டி, சிறு சிறு சப்பரங்களில் நாயன்மார்கள் வரும்போது சின்ன வயதில் அத்தை என்னைத் தூக்கிக் காட்டுவார். அறுபத்துமூன்று பேரில் பெண்கள் மூவர். மங்கையர்க்கரசியார் பாண்டியன் மனைவி, இசைஞானியார் சுந்தரரின் தாய், மூன்றாமவர் காரைக்கால் அம்மையார். மனைவி, தாய் என்று இருவருக்கும் உறவு இருக்கிறது. புனிதவதி என்ற பெயரோடு பிறந்த அம்மையாரையோ விட்டு விலகிப்போன கணவன், பிறகு அவர் காலிலேயே விழுந்தான். அதன் பிறகு அவர் கேட்டது விசித்திரமான வரம்: கணவனுக்காகச் சுமந்த இந்தச் சதை இனி வேண்டாம், எடுத்துவிடு. அழகையெல்லாம் உதறி எலும்புருவாக நின்றவரை இறைவன் ‘அம்மையே’ என்றான் என்பது கதை. பெயர் போய் ஊரும் உறவும் பெயராயின. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் விலா எலும்பு எண்ணும்படி, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். நாயன்மார் வரிசையில் உட்கார்ந்த கோலம் அவருக்கு மட்டும்தான் என்பார்கள். சதையை வெட்டி எடுத்த ஓர் உருவம் எவ்வளவு பேசும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டு வாங்கிக்கொண்டது அது. சுவரில் உட்கார்ந்திருக்கும் என் வெள்ளை முகத்துக்காரியை யாரும் கேட்கவில்லை. அவள் மூத்தவள் என்று அத்தை உடனே சொன்னதற்கு, வருடா வருடம் மாட வீதியில் கண்ட அந்த உட்கார்ந்த கோலமும் எங்கோ காரணமாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடி” என்றிருப்பார்.

7/20 என்றால் இருபதில் ஏழாவது. இன்னும் பத்தொன்பது சுவர்களில் இதே மூவர் நிற்கவும் உட்காரவும் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. எங்காவது ஒரு வீட்டில் யாராவது இவர்களுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி யாரும் அச்செடுக்காமல் இருக்க, பலகையின் குறுக்கே ஆழமாகக் கீறிவிடுவது அச்சோவியர்களின் வழக்கம். மூலையில் கீறுகிறவர்கள் உண்டு, மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பலகை இருந்தால், அதில் இந்தப் பெண்களின் மேல் எங்கே அந்தக் கோடு போகிறதோ! பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது.

போன வருடம் அடையாறில் கடற்காற்று படுகிற வீட்டுக்கு மாறினோம். ஈரத்தில் காகிதம் பழுக்கத் தொடங்கிவிட்டது. ஓரத்தில் வந்த செம்பழுப்புப் புள்ளிகள் மெல்ல உள்ளே நகர்ந்து, மை இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டன. கறுப்பு முகங்கள் இரண்டும் அப்படியே இருக்க, உட்கார்ந்திருப்பவளின் நெற்றியில், பிறகு கன்னத்தில், கழுத்தில் என்று அந்த நிறம் இறங்கியது. தி.நகர்ச் சந்து ஒன்றில் சட்டம் போடுகிற கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பொறுமையான மனிதர். “பூஞ்சைதான்மா. மருந்து வச்சு எடுத்துடலாம். மூஞ்சி பழையபடி பளிச்சுனு வெள்ளையாயிடும்” என்றார். படம் அவர் மேஜையில் கண்ணாடியில்லாமல் கிடந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நடுவில் எதுவும் இல்லாமல் பார்த்தேன். மூவரில் அவள் ஒருத்திக்கு மட்டும் இப்போது ஒரு நிறம் இருந்தது, கன்னத்தில் தேமல் போன்ற ஒரு திட்டு, கண்ணுக்குக் கீழே வயதானவர்களுக்கு வருகிற கருவளையம்போல ஒரு நிழல். “எடுக்க வேண்டாம், இதுக்கு மேல பரவாம மட்டும் பண்ண முடியுமா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முடியும், ஆனால் முழுக்க உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.